மூளை வலையமைப்புகளில் எது எதை இயக்குகிறது என்று எஃப்.எம்.ஆர்.ஐ தரவிலிருந்து சொல்ல முடியுமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருட ஆய்வு செய்யும் ஒரு தங்கை கேட்டது இது: "ஓய்வு நிலையில் எடுத்த எஃப்.எம்.ஆர்.ஐ தரவைக் கஷ்டப்பட்டு இறக்கி, ஐ.சி.ஏ செய்து 20 வலையமைப்புகளைப் பிரித்துவிட்டேன். இவற்றில் எது எதை இயக்குகிறது என்று ஒரு மொடல் கட்ட வேண்டும். மேற்பார்வையாளர் கிரேஞ்சர் முறையைப் பார்க்கச் சொல்கிறார். வாசித்துப் பார்த்தால் டி.சி.எம் தான் சரி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வெறும் ஒட்டுறவு அட்டவணையோடு நிறுத்தினால் போதாதா? எதைச் செய்வது?"

வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சில சொற்கள். எஃப்.எம்.ஆர்.ஐ என்பது மூளையின் செயற்பாட்டைக் குருதியில் வரும் மாற்றத்தை வைத்துப் படமெடுக்கும் ஸ்கான். ஓய்வு நிலை என்றால் ஆள் ஒரு பணியும் செய்யாமல் சும்மா படுத்திருப்பது. ஐ.சி.ஏ என்பது அந்தப் படங்களைச் சேர்ந்து ஏறி இறங்கும் கூறுகளாக, அதாவது வலையமைப்புகளாக, பிரிக்கும் கணித முறை. ஒட்டுறவு என்பது இரண்டு தொடர்கள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று சொல்லும் எண். கிரேஞ்சரும் டி.சி.எம்மும் எது எதை இயக்குகிறது என்று தேடும் இரண்டு முறைகள், அவற்றின் விளக்கம் கீழே வரும்.

தங்கச்சி, என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 20 வலையமைப்புகளையும் வைத்துப் பகுதி ஒட்டுறவு பாருங்கள். பிறகு, ஏன் இவை என்று உங்களால் காரணம் சொல்லக்கூடிய மூன்று அல்லது நான்கு மூளைப் பகுதிகளை மட்டும் எடுத்து ஸ்பெக்ட்ரல் டி.சி.எம் செய்யுங்கள். கிரேஞ்சரை முதன்மை முறையாக வைக்க வேண்டாம். இதற்கான காரணங்கள் உங்களுக்கு வடிவாக விளங்கினால் மேற்பார்வையாளரோடும் நீங்களே கதைத்துக்கொள்ளலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் புத்தூர்ப் பக்கத்து ஆள். எனக்கு இந்த விஷயம் எப்போதும் கிணறுகளை வைத்துத்தான் பிடிபடும். எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மாரியில் விழுகிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றில் தண்ணீராக நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் என் வீட்டுக் கிணறும் ஏறும், உங்கள் வீட்டுக் கிணறும் ஏறும். இரண்டின் நீர்மட்டத்தையும் ஒவ்வொரு நாளும் கொப்பியில் குறித்து வந்து ஒட்டுறவு கணித்தால் நல்ல பெரிய எண் ஒன்று வரும். அதைக் காட்டி, "இரண்டு கிணற்றுக்கும் கீழால் ஒரு வழி இருக்கிறது" என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. இரண்டுக்கும் பொதுவாக மேலே ஒரு மழை இருக்கிறது. மூளையிலும் இதுதான் முதல் சிக்கல். இரண்டு வலையமைப்புகள் சேர்ந்து ஏறி இறங்கினால், ஒன்று மற்றதை இயக்கியிருக்கலாம். மூன்றாவது ஒன்று இரண்டையும் இயக்கியிருக்கலாம். அல்லது அந்த ஆள் ஸ்கானருக்குள் ஒருமுறை ஆழமாக மூச்சு இழுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. கொப்பியில் நாம் குறிப்பது நிலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடும் ஓட்டத்தை அல்ல, கிணற்றில் தெரியும் மட்டத்தை மட்டுமே. ஸ்கானரும் நரம்புக் கலங்களின் மின் செயற்பாட்டைப் பார்ப்பதில்லை. ஓர் இடத்தில் நரம்புகள் கூடுதலாக வேலை செய்தால், அங்கே ஒட்சிசன் கொண்ட குருதி தேவைக்கு மேலாகவே வந்து சேரும். ஒட்சிசனை இழந்த ஹீமோகுளோபின் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கொஞ்சம் குலைக்கும். புதுக் குருதி வந்து அது குறையும்போது சமிக்ஞை கூடுகிறது. செய்ஜி ஒகாவா இதை 1990 இல் எலிகளில் காட்டினார். 1992 இல் அவருடைய குழு உட்படச் சில குழுக்கள் மனிதரிலும் காட்டின. நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவது மில்லி வினாடிக் கணக்கில். குருதியின் பதிலோ உச்சத்துக்கு வரவே 5, 6 வினாடி எடுக்கும். உங்கள் தரவில் ஒரு முழு மூளைப் படம் பெரும்பாலும் 2 வினாடிக்கு ஒருமுறை எடுத்ததாக இருக்கும். அந்த இடைவெளிக்குள் நரம்புகள் எத்தனையோ முறை செய்தி மாற்றிக்கொண்டுவிடும்.

இன்னொன்றும் உண்டு. குருதியின் இந்தத் தாமதம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பகுதிக்குப் பகுதி வேறு, ஆளுக்கு ஆள் வேறு. கல்லுக்குள் நல்ல குகை உள்ள இடத்தில் வெட்டிய கிணறு மழை பெய்த கையோடு ஏறிவிடும். இறுக்கமான பாறையில் வெட்டிய கிணறு ஆறுதலாகத்தான் ஏறும். முதலில் ஏறியது எது என்பதை வைத்துத் தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடியது என்று சொல்லப் போனால் பிழைத்துவிடும். கிரேஞ்சருக்கு வரும்போது இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

சரி, ஒட்டுறவிலிருந்து தொடங்குவோம். 1995 இல் பாரத் பிஸ்வால், அப்போது அவர் ஆய்வு மாணவர், ஒன்றும் செய்யாமல் சும்மா படுத்திருக்கிறவர்களின் இடது, வலது இயக்கப் புறணிகள் 0.1 ஹேட்ஸுக்குக் குறைந்த மெதுவான அசைவுகளில் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டினார். ஓய்வு நிலை ஆய்வு என்ற துறையே அங்கிருந்துதான் வளர்ந்தது. ஒட்டுறவை யாரும் மட்டமாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அது சொல்வது இன்னதென்று தெளிவாக இருக்க வேண்டும். 1994 இல் கார்ல் ஃபிரிஸ்டன் பிரித்துக் காட்டிய இரண்டு கருத்துகள் இங்கே உதவும். செயற்பாட்டு இணைப்பு என்றால் இரண்டு இடங்களின் சமிக்ஞைகள் புள்ளிவிபரப்படி சேர்ந்து போவது. தாக்க இணைப்பு என்றால் ஒன்று மற்றதன் மீது செலுத்தும் செல்வாக்கு. முதலாவதைத் தரவிலிருந்து நேரே கணிக்கலாம். இரண்டாவதை ஒரு மொடல் இல்லாமல் கணிக்கவே முடியாது. உங்கள் கேள்வியில் "இயக்குகிறது" என்ற சொல் இருக்கிறது. ஆகவே ஒட்டுறவு அட்டவணையோடு நிறுத்தினால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வராது.

பகுதி ஒட்டுறவு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு கிணறுகளின் மட்டத்திலிருந்தும் மழையின் பங்கையும் மற்றக் கிணறுகளின் பங்கையும் கழித்துவிட்டு, மிச்சம் சேர்ந்து போகிறதா என்று பார்ப்பது போல. 20 வலையமைப்புகள் என்றால் 190 சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் மற்ற 18 இன் பங்கையும் கழிக்கிறீர்கள். மிஞ்சுவது "இந்த 20 இற்குள் நேரடித் தொடர்பு" என்று சொல்வதற்குக் கிட்ட வரும். 20 இற்கு வெளியே ஒரு மழை இருந்தால் அது கழிபடாது. எது எதை இயக்குகிறது என்று காட்டும் அம்புக்குறியும் வராது. ஆனாலும் 2011 இல் ஸ்டீபன் ஸ்மித்தும் அவருடைய குழுவும் 28 வகையான செயற்கைத் தரவுகளை உருவாக்கி, உண்மை விடை தெரிந்த நிலையில் பல முறைகளைச் சோதித்தபோது, தொடர்பு உண்டா இல்லையா என்பதைக் கண்டுபிடிப்பதில் மேலே வந்தவற்றில் பகுதி ஒட்டுறவும் ஒன்று. நேரத் தாமதத்தை நம்பிய முறைகள் மிக மோசமாகச் செய்தன. தவறான எல்லையோடு பகுதிகளைத் தெரிவு செய்தால் எந்த முறையும் காப்பாற்றாது என்பதும் அங்கே தெளிவாக வந்தது. உங்களிடம் ஆளுக்கு 10 நிமிடத் தரவு, 2 வினாடிக்கு ஒரு படம் என்றால் 300 புள்ளிகள்தான். அவையும் ஒன்றிலிருந்து ஒன்று சுயாதீனமானவை அல்ல. ஆகவே, தரவு குறைவாக இருக்கும்போது எண்கள் தாறுமாறாகப் போகாமல் அடக்கும் ரிட்ஜ் போன்ற ஒரு ஒழுங்குபடுத்தலோடு கணியுங்கள். 190 சோடிகளைச் சோதிக்கும்போது சில தற்செயலாகவே தேறிவிடும், ஆகவே அதற்கான பன்முகச் சோதனைத் திருத்தத்தையும் விட்டுவிட வேண்டாம்.

ஐ.சி.ஏ செய்தவர்களில் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. "ஐ.சி.ஏ சுயாதீனமான கூறுகளைத்தானே தருகிறது, பிறகு அவற்றுக்கிடையே ஒட்டுறவு எப்படி வரும்?" நியாயமான சந்தேகம். எஃப்.எம்.ஆர்.ஐ இல் நாம் வழக்கமாகச் செய்வது இடஞ்சார்ந்த ஐ.சி.ஏ. வரைபடங்கள்தான் ஒன்றிலிருந்து ஒன்று சுயாதீனமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்படுகின்றன. நேரத் தொடர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவை சேர்ந்து ஏறி இறங்கலாம். அந்த நேரத் தொடர்களைத்தான் வலையமைப்புகளுக்கிடையான மொடலுக்கு உள்ளீடாக எடுக்கிறோம். அதோடு ஒரு எச்சரிக்கை. ஒரு வலையமைப்பை ஒரே நேரத் தொடராகச் சுருக்கும்போது அதற்குள் நடக்கும் வித்தியாசங்கள் மறைந்துவிடும். முக்கியமானவற்றை இனங்காணும் சேலியன்ஸ் வலையமைப்பில் முன்புற இன்சுலா, முன்புற சிங்குலேட் என்ற இரண்டு மூளைப் பகுதிகள் சேர்ந்திருக்கின்றன. அவை எப்போதும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதனால்தான் அம்புக்குறி தேடும் கட்டத்துக்குப் போகும்போது வலையமைப்பை விட்டுக் குறிப்பிட்ட பகுதிகளுக்கு இறங்கச் சொல்கிறேன்.

இனி கிரேஞ்சர். கிளைவ் கிரேஞ்சர் 1969 இல் பொருளியலுக்காகக் கொண்டு வந்த முறை இது. பின்னர் 2003 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். எண்ணம் எளியது: ஒன்றின் நாளைய பெறுமதியை ஊகிக்க அதனுடைய கடந்த காலம் மட்டும் உதவுவதைவிட, மற்றதன் கடந்த காலமும் சேர்ந்து கூடுதலாக உதவினால், மற்றது இதற்குக் காரணம் என்று எடுத்துக்கொள்வது. மூளை ஆய்வில் இதைப் பிரபலமாக்கிய வேலைகளில் ஒன்று 2008 இல் தேவராஜன் ஸ்ரீதரன், டானியல் லெவிட்டின், வினோத் மேனன் மூவரும் செய்தது. வலது முன்புற இன்சுலாப் பகுதி ஒரு ஆளியைப் போல வேலை செய்து, கவனத்தை வெளி உலகின் பக்கம் திருப்பும் நிர்வாக வலையமைப்பை எழுப்பி, உள்ளே அசைபோடும் டிஃபோல்ட் மோட் வலையமைப்பை அடக்குகிறது என்று அவர்கள் சொன்னார்கள். இசை கேட்கும்போதும், பார்வைச் சோதனையிலும், ஓய்விலும் இதே வடிவம் வந்தது. சேலியன்ஸ், நிர்வாக, டிஃபோல்ட் மோட் ஆகியவற்றை வைத்து மேனன் 2011 இல் முன்வைத்த மூன்று வலையமைப்பு மொடலுக்கு இது ஒரு தூண். மிக அழகான கருத்து, நானும் அதை மதிக்கிறேன். ஆனால் உடனே எழுகிற கேள்வி, இன்சுலாவின் குருதிப் பதில் மற்ற இடங்களைவிடக் கெதியாக வருவதாலும் இதே அம்பு வரலாம் அல்லவா என்பது. கல் இறுக்கமா, குகையா என்ற அதே கேள்விதான். கிரேஞ்சர் முறையின் உள்ளே இதற்குப் பதில் சொல்ல வழி இல்லை.

இதில் நானும் பிழை விட்டிருக்கிறேன். என் முதுமாணி ஆய்வில், இன்சுலாவிலிருந்து கண்ணுக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதிக்கு ஓர் உறுதியான கிரேஞ்சர் அம்பு கிடைத்தது. எல்லா ஆட்களிலும் ஒரே திசை. மாதக் கணக்கில் அதை நம்பி ஒரு அத்தியாயமே எழுதினேன். பிறகு ஒரு நண்பர், நேரத் தொடரைத் தலைகீழாகப் புரட்டி, கடைசிப் படம் முதலாக வைத்து, திரும்ப ஓட்டிப் பார்க்கச் சொன்னார். உண்மையான முன்பின் உறவு என்றால் புரட்டும்போது அம்பும் புரள வேண்டும். என்னுடையது புரளவே இல்லை. அந்த முன்மூளைப் பகுதி மூக்குக் குழிவின் காற்றுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே சமிக்ஞை கெட்டு, இரைச்சல் கூடியிருக்கிறது. இரைச்சல் குறைந்த தொடர், இரைச்சல் கூடிய தொடரை "முன்கூட்டியே சொல்வது" போலத் தெரிந்திருக்கிறது. அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். நீங்கள் கிரேஞ்சர் செய்தே ஆக வேண்டும் என்றால் இந்தப் புரட்டல் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அது இரைச்சல் வித்தியாசத்தால் வரும் பொய் அம்பைத்தான் பிடிக்கும். குருதித் தாமத வித்தியாசத்தால் வரும் பொய் அம்பு, புரட்டும்போது உண்மை அம்பைப் போலவே புரண்டுவிடும். சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக ஆறுதல் அடைய வேண்டாம்.

டி.சி.எம், அதாவது டைனமிக் கோசல் மொடலிங், இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ஃபிரிஸ்டன், ஹரிசன், பென்னி மூவரும் 2003 இல் வெளியிட்டது. கிணற்று மட்டத்தை நேரே ஒப்பிடாமல், நிலத்துக்குக் கீழே ஓட்டம் எப்படி இருக்கும் என்று ஒரு சமன்பாடு, அந்த ஓட்டம் ஒவ்வொரு கிணற்றிலும் எப்படி மட்டமாகத் தெரியும் என்று இன்னொரு சமன்பாடு, இரண்டையும் எழுதி, இரண்டையும் சேர்த்துத் தரவோடு பொருத்திப் பார்ப்பது. மேல் அடுக்கில் ஒவ்வொரு பகுதியின் நரம்புச் செயற்பாடும் மற்றப் பகுதிகளின் செயற்பாட்டால் என்ன வேகத்தில் மாறுகிறது என்று இருக்கும். அதன் எண்கள்தான் உங்கள் அம்புகள், அலகு ஹேட்ஸ். கீழ் அடுக்கில் குருதி நாளம் விரிந்து சுருங்குவதற்கான பலூன் மொடல். அதன் தாமதம் பகுதிக்குப் பகுதி வேறாக இருக்க இடம் விடப்பட்டிருக்கிறது. இன்சுலாவின் குருதி கெதியா, மெதுவா என்ற கேள்வியை மொடலே தனக்குள் எடுத்துக்கொள்கிறது. எனக்கு இந்த முறையில் பிடித்ததும் இதுதான்: தான் என்ன ஊகிக்கிறது என்பதை அது ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

முதலில் வந்த டி.சி.எம் இற்கு ஒரு பணி, ஒரு தூண்டல் வேண்டும்: படம் காட்டினோம், விரலை அசைத்தோம் என்பது போல. ஓய்வு நிலையில் அப்படி ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் 2014 இல் ஸ்பெக்ட்ரல் டி.சி.எம் வந்தது. ஒவ்வொரு வினாடியின் ஏற்ற இறக்கத்தையும் பின்தொடராமல், சோடிகளுக்கிடையான அதிர்வெண் நிறமாலையை மட்டும் அது பொருத்துகிறது. கணிப்பும் கெதியாக முடியும்.

ஆனால் 20 வலையமைப்புகளையும் அப்படியே அதற்குள் போட வேண்டாம். மூன்று பகுதிகள் என்றால் ஒன்றிலிருந்து மற்றதற்கு 6 அம்புகள். ஒவ்வொன்றும் இருக்கலாம், இல்லாமல் விடலாம் என்றால் 64 மொடல்கள். நான்கு பகுதிகள் என்றால் 12 அம்புகள், 4096 மொடல்கள். 20 என்றால் 380 அம்புகள். எந்தக் கணினியும் அதை மொடல் மொடலாக ஒப்பிட்டு முடிக்காது. பெரிய வலையமைப்புகளுக்காக ரிகிரெஷன் டி.சி.எம் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் இறுதி வருட ஆய்வுக்கு நான் சின்னதாகவே செய்யச் சொல்வேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் வலது முன்புற இன்சுலா, வலது முதுகுப்புறப் பக்க முன்மூளைப் புறணி, பின்புற சிங்குலேட், நடு முன்மூளைப் புறணி என்ற நான்கையும் எடுத்து, "இன்சுலா மற்ற மூன்றையும் இயக்குகிறது" என்ற மொடலை "பின்புற சிங்குலேட் இயக்குகிறது" என்ற மொடலோடு மோதவிடுவேன். முன்னது மூன்று வலையமைப்பு மொடல் சொல்வது. கேள்வி கூர்மையாக இருக்கும், பதில் எந்தப் பக்கம் வந்தாலும் எழுதலாம். ஆட்களைச் சேர்த்துப் பார்க்கும்போது டி.சி.எம் செய்யும் எஸ்.பி.எம் மென்பொருளிலேயே இருக்கும், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்கும் பி.ஈ.பி என்ற அடுக்கு முறையைப் பாவியுங்கள்.

பெறுபேறு வந்தபின் வாசிப்பதிலும் கவனம் வேண்டும். ஓர் அம்பின் எண் எதிர்க்குறியாக வந்தால், "இங்கிருந்து போகும் நரம்புகள் தடுப்பு நரம்புகள்" என்று எழுத வேண்டாம். புறணியின் ஒரு பகுதியிலிருந்து தூரத்துப் பகுதிக்குப் போகும் நார்கள் பெரும்பாலும் கிளர்ச்சியூட்டுபவைதான். அவை போய்ச் சேர்ந்த இடத்திலுள்ள தடுப்பு நரம்புகளை எழுப்பி, மொத்த விளைவு அடக்கமாகத் தெரியலாம். "மொத்தத்தில் அடக்குகிறது" என்பது வரைக்கும் சொல்லலாம். அதேபோல, டி.சி.எம் இல் வென்ற மொடல் என்பது நீங்கள் வரிசையில் நிறுத்தியவற்றுள் வென்றது மட்டுமே. நிறுத்தாத மொடலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

எங்கள் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் தேசிக்காய் போட்டால் தூரத்துக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். கதை உண்மையோ இல்லையோ, அந்தச் சோதனையின் யோசனை மிகச் சரியானது. இரண்டு இடத்தையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல், ஓரிடத்தில் நாமே ஒன்றைப் போட்டு மற்ற இடத்தில் வருகிறதா என்று பார்ப்பது. மூளையில் அந்தத் தேசிக்காய் டி.எம்.எஸ். தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளால் ஒரு பகுதியைத் தூண்டிவிட்டு எஃப்.எம்.ஆர்.ஐ எடுப்பது. நிர்வாக வலையமைப்பின் ஒரு கணுவை இப்படித் தூண்டி, டிஃபோல்ட் மோட் வலையமைப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. உங்கள் முடிவுரையில், இதுபோன்ற சோதனையால்தான் அம்பை உறுதிப்படுத்தலாம் என்று ஒரு வரி சேருங்கள்.

தலையசைவைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. 2012 இல் ஜொனதன் பவர் குழுவினர் காட்டியபடி, மில்லிமீற்றருக்கும் குறைந்த அசைவே கிட்டத்து ஒட்டுறவுகளைப் பொய்யாகக் கூட்டி, தூரத்து ஒட்டுறவுகளைக் குறைத்துவிடும். அசைந்த படங்களை அடையாளம் கண்டு நீக்குங்கள். இரண்டு குழுக்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால், இரண்டிலும் சராசரி அசைவு ஒரே அளவா என்று முதலில் பாருங்கள். மூளை முழுவதன் சராசரிச் சமிக்ஞையைக் கழிப்பதிலும் அவதானம் தேவை. அதைக் கழித்தால் எதிர் ஒட்டுறவுகள் கணக்கின்படியே கட்டாயம் தோன்றும் என்று 2009 இல் காட்டப்பட்டது. டிஃபோல்ட் மோட் வலையமைப்பு மற்றதற்கு எதிராக ஆடுகிறது என்று எழுதப் போகிறீர்களானால் கழித்தும் கழிக்காமலும் இரண்டு தரம் செய்து, இரண்டையும் காட்டுங்கள்.

தரவு இறக்குவதில் கஷ்டம் என்றும் எழுதியிருந்தீர்கள். ஹியூமன் கனெக்டோம் புரொஜெக்ட் என்ற மூளைத் தரவுத் திட்டம், முழுப் படங்களை விட்டுவிட்டு, ஐ.சி.ஏ செய்து முடித்த நேரத் தொடர்களை மட்டும் தனியாகவும் தருகிறது. 15, 25, 50 என்று வெவ்வேறு எண்ணிக்கைக் கூறுகளில் எடுக்கலாம். பதிந்து நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால் போதும். ஆயிரம் பேருக்கு மேல், ஆளுக்கு 4800 புள்ளிகள், 0.72 வினாடிக்கு ஒரு படம். பகுதி ஒட்டுறவுக்கு இது தாராளம், சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். டி.சி.எம் இற்குப் பகுதிகளின் தொடர் வேண்டும் என்பதால், அதற்கு மட்டும் முப்பது, நாற்பது பேரின் முழுப் படங்களை இறக்கினால் போதும்.

அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்த நான்கு ஸ்கான் ஓட்டங்கள் இருக்கின்றன. முதல் நாள் தரவில் மட்டும் உங்கள் நான்கு பகுதி மொடலைக் கட்டி, அம்புகளை எழுதி வைத்துவிடுங்கள். அதுவரைக்கும் இரண்டாம் நாளைத் திறக்க வேண்டாம். பிறகு அதே மொடலை ஒன்றும் மாற்றாமல் இரண்டாம் நாள் தரவில் ஓட்டி, 12 அம்புகளில் எத்தனை அதே குறியோடு நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த அட்டவணை வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.